ஷாம்பு பாக்கெட்டைப் பொறுக்கும் கூலி யார் தருவது?

கோலி சோடா குடித்தால் காலி பாட்டிலைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்குவார். ஷாம்பு பாக்கெட்டை யார் வாங்குறாங்க? பிளாஸ்டிக்கோடு வேறு தாள்களும் ஒட்டியிருப்பதால் பழைய இரும்புக்காரர்கூடத் தொடுவதில்லை. லாபம் கம்பெனிக்கு, சாக்கடையில் பொறுக்குவது நம்ம தூய்மைக் காவலர்.

இதற்குச் சட்டம் உண்டு. விற்ற பாக்கெட்டுக்குக் கம்பெனியே பொறுப்பு என்று 2016-ன் பிளாஸ்டிக் கழிவு விதிகளும் 2022-ன் திருத்தமும் சொல்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை, சிமென்ட் ஆலைகளிடம் கம்பெனிகள் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டணும். ஆனால் பணம் ஆலையோடு நின்னுடுது. பொறுக்கிய கைக்குத் தானாக வராது. அடுத்த கிராம சபையில் நாம் கேட்போம்: நம்ம ஊரில் பிரித்த பாக்கெட் எந்த ஆலைக்குப் போச்சு? என்ன விலை கிடைச்சது?