‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்றால் எவ்வளவும் ஊற்றலாமா?

எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருக்கிறதா? உண்மைதான். ஆனால், எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் அநேகமாகக் கிடையாது!

நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைத் தயாரிப்பது உடம்பேதான். நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டால், கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்-ஐ ரத்தத்திலிருந்து அகற்றும் கல்லீரலின் வேலை மந்தமாகும். பாமாயிலில் சுமார் 50 சதவிகிதம், தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவிகிதம் இந்தக் கொழுப்புதான். எனவே, பாக்கெட்டின் பின்பக்கம் ‘சாச்சுரேட்டட் ஃபேட்’ எவ்வளவு என்று பாருங்கள்.

கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்றாலும் அளவோடுதான். சுண்டல், ஓட்ஸ், கொய்யா போன்றவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து எல்.டி.எல்-ஐக் குறைக்க உதவும். வாரத்துக்கு 150 நிமிடங்கள் வேகமாக நடங்கள்.

ரிப்போர்ட்டில் அளவு குறைந்துவிட்டதா? அது மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்!