ஊடாடும் இணையத்தளம் ஒன்றை வடிவமைத்தல்: திகில் திரைப்படம் ஒன்றின் விளம்பரத் தளத்தை அடிப்படையாகக் கொண்ட விளக்கம்

இணையத்தள வடிவமைப்புப் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கும்போது பலர் வரைவிலக்கணங்களை மனனஞ் செய்து எழுதுகின்றனர். எனினும் “இவ்வாறு வடிவமைத்தமைக்கான காரணம் யாது?” என வினவப்பட்டால் தடுமாறுகின்றனர். ஒரு தளத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நோக்கம் உண்டு. அந்நோக்கத்தை விளங்கிக்கொள்வதற்கு உலகெங்கும் பேசப்பட்ட ஒரு தளத்தை உதாரணமாகக் கொள்வோம். அது 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான “த பிளேயர் விச் புரொஜெக்ற்” எனும் திகில் திரைப்படத்தின் விளம்பரத் தளமாகும்.

1. ஊடாடும் இணையத்தளம் என்பது யாது?

சுவரொட்டியைப் பார்ப்பவர் அதில் எதனையும் மாற்ற முடியாது. தொலைக்காட்சி விளம்பரமும் அவ்வாறானதே. தகவல் ஒரு திசையில் மட்டும் செல்கிறது. பயனரின் செயலுக்கு ஏற்பத் துலங்கலைக் காட்டும் தளமே ஊடாடும் இணையத்தளம் எனப்படும். பயனர் மீயிணைப்பைச் சொடுக்குதல், உருவைப் பெருப்பித்துப் பார்த்தல், ஒலிப்பதிவை இயக்குதல், படிவத்தை நிரப்புதல் என்பன ஊடாட்டத்துக்கு உதாரணங்களாகும்.

திகில் கதைக்கு ஊடாட்டம் ஏன் பொருத்தமானது? மூடிய கதவொன்றை வேறொருவர் திறப்பதைப் பார்ப்பதிலும், அதனை நாமே திறப்பதிலும் ஏற்படும் அச்சம் ஒரே அளவானதன்று. தளத்தில் ஒவ்வொரு சொடுக்கும் கதவொன்றைத் திறப்பதை ஒத்ததாகும். அடுத்து என்ன வரும் என்பதை அறியாமலேயே பயனர் தாமாக விரும்பி அதனைத் திறக்கிறார்.

2. உதாரணத்தின் பின்னணி

இத்திரைப்படத்தை டானியல் மைரிக், எட்வார்டோ சான்செஸ் ஆகிய இருவரும் இயக்கினர். 1994 ஒக்ரோபர் மாதத்தில் மேரிலண்ட் மாநிலத்தின் பேர்கிற்ஸ்வில் எனும் ஊரை அண்டிய காட்டில் மூன்று மாணவர்கள் ஆவணப்படம் எடுக்கச் சென்று காணாமற் போயினர் என்பதும், ஓராண்டின் பின்னர் அவர்களது ஒளிப்பதிவுகள் கண்டெடுக்கப்பட்டன என்பதும் கதை. பேர்கிற்ஸ்வில் உண்மையான ஊர். ஆனால் சூனியக்காரியும் மாணவர்கள் காணாமற் போனமையும் முற்றிலும் கற்பனையே.

படப்பிடிப்பு 1997இல் எட்டு நாட்களில் நடைபெற்றது. அதற்கான ஆரம்பச் செலவு சில பத்தாயிரம் டொலர்கள் மாத்திரமே எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. இத்தகைய சிறு குழுவினால் தொலைக்காட்சி விளம்பரத்துக்குச் செலவிட இயலாது. ஆகவே 1998இல், படம் திரைக்கு வருவதற்கு முன்னரே, அவர்கள் இணையத்தளத்தை ஆரம்பித்தனர். இணையப் பக்கங்களை அமைக்கும் பணியைச் சான்செஸ் தாமே மேற்கொண்டார். 1999 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் படம் காண்பிக்கப்பட்ட பின்னர் ஆர்ட்டிசன் நிறுவனம் விநியோக உரிமையை வாங்கித் தளத்தை மேலும் விரிவாக்கியது. 1999 ஜூலையில் திரையிடப்பட்ட இப்படம் உலகெங்கும் 240 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டியது. இவ்வெற்றிக்குத் தளம் மாத்திரமே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் முக்கிய காரணங்களுள் அதுவும் ஒன்றென்பதை எவரும் மறுப்பதில்லை.

3. தளத்தின் கட்டமைப்பு

பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முறைகளுள் பிரதானமானவை மூன்றாகும்.

(அ) நேர்கோட்டுக் கட்டமைப்பு – புத்தகத்தைப் போன்று ஒரு பக்கத்தின் பின் அடுத்த பக்கம் வரும்.
(ஆ) படிநிலைக் கட்டமைப்பு – முகப்புப் பக்கத்திலிருந்து பிரிவுகளுக்கும், பிரிவுகளிலிருந்து உபபிரிவுகளுக்கும் மரக்கிளை போன்று பிரியும்.
(இ) வலையமைப்புக் கட்டமைப்பு – எப்பக்கத்திலிருந்தும் வேறெப்பக்கத்துக்கும் செல்லலாம்.

இத்தளம் படிநிலைக் கட்டமைப்பைத் தழுவியதாகும். முகப்புப் பக்கத்திலிருந்து நான்கு பிரதான பிரிவுகளுக்குச் செல்லக்கூடியதாக இருந்தது.

• ஐதீகம் – 1785ஆம் ஆண்டு முதலான கற்பனைச் சம்பவங்களைக் கால ஒழுங்கில் தரும் அட்டவணை
• படப்பிடிப்பாளர்கள் – காணாமற் போன மூவரின் விபரங்களும் புகைப்படங்களும்
• பின்விளைவு – தேடுதல், விசாரணை, தடயப் பொருட்கள் தொடர்பான புகைப்படங்கள்
• கண்டெடுக்கப்பட்டவை – ஒளிப்பதிவுகளும் நாட்குறிப்புப் பக்கங்களும்

ஐதீகம் என்ற பிரிவு உள்ளே நேர்கோட்டு ஒழுங்கில் அமைந்திருந்தமையை அவதானிக்குக. ஆண்டு ஆண்டாக வாசிக்கும்போது பழைய கதை மெதுவாகச் சமகாலத்தை நெருங்கி வருகிறது. ஆகவே ஒரே தளத்தில் இரண்டு கட்டமைப்புகள் கலந்து வரலாம். பயனர் தாம் விரும்பிய பிரிவை முதலில் தெரிவுசெய்ய வேண்டுமாயின் படிநிலையும், கதையின் ஒழுங்கு குழம்பக்கூடாதாயின் நேர்கோடும் உகந்தவையாகும்.

4. உள்ளடக்கமும் தோற்றமும்

இத்தளத்தில் பேயுருவமோ கோரமான முகமோ பிரதான இடத்தைப் பெறவில்லை. கைவிடப்பட்ட மோட்டார் வாகனம், சேறு படிந்த பொருட்கள், கையெழுத்துப் பக்கங்கள் ஆகியனவே காட்டப்பட்டன. அவை ஒரு பொலிஸ் கோவையைப் புரட்டுவது போன்ற உணர்வைத் தந்தன. பயனர் துண்டு துண்டான தகவல்களைத் தாமே பொருத்திப் பார்த்து முடிவொன்றுக்கு வந்தார். தாமே கண்டறிந்ததை மனிதர் இலகுவில் நம்புவர். இதுவே தளத்தின் பலமாகும்.

தோற்றத்தைப் பொறுத்தவரை கறுப்புப் பின்னணியும் மங்கலான நிறங்களும் திகிற் கதைக்குப் பொருந்தும். ஆனால் கறுப்புப் பின்னணியில் கருஞ்சிவப்பு எழுத்துகளை இடுவது மாணவர் செயற்றிட்டங்களிற் காணப்படும் பொதுவான தவறாகும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே போதிய நிற வேறுபாடு இல்லையேல் வாசிக்க இயலாது. வாசிக்க இயலாத பக்கத்தைப் பயனர் மூடிவிடுவார்.

5. பதிவிறக்க நேரத்தைக் கணித்தல்

1999இல் வீடுகளில் இருந்தோர் பெரும்பாலும் தொலைபேசி வழி மோடெம் மூலம் இணையத்துடன் இணைந்தனர். அதன் உச்ச வேகம் செக்கனுக்கு 56 கிலோபிற்று ஆகும். 1 பைற்று = 8 பிற்று என்பதைக் கொண்டு அண்ணளவாகக் கணிப்போம்.

70 கிலோபைற்றுப் புகைப்படம்:
70 × 8 = 560 கிலோபிற்று
560 ÷ 56 = 10 செக்கன்

5 மெகாபைற்றுக் காணொளி (1 மெகாபைற்று = 1000 கிலோபைற்று எனக் கொள்க):
5000 × 8 = 40 000 கிலோபிற்று
40 000 ÷ 56 = ஏறத்தாழ 714 செக்கன், அதாவது ஏறத்தாழ 12 நிமிடம்

பத்துச் செக்கன் காத்திருப்போர் பலர். பன்னிரண்டு நிமிடம் காத்திருப்போர் சிலரே. ஆகவே எழுத்தும் நிழற்படங்களும் நிறைந்த தளம் அக்காலத்துக்கு மிகப் பொருத்தமானதாக அமைந்தது. இன்று வேகம் பன்மடங்கு அதிகரித்துள்ளது. எனினும் கையடக்கத் தொலைபேசியில் தரவுக் கட்டணம் செலுத்திப் பார்ப்போரை மறத்தல் ஆகாது. உருக்களைச் சுருக்கிப் பயன்படுத்துவது இன்றும் நல்ல பழக்கமே.

6. வடிவமைப்பின் படிமுறைகள்

படி 1: நோக்கத்தையும் பயனரையும் இனங்காணல் – யாருக்காக? தளத்தைப் பார்த்தபின் அவர் என்ன செய்ய வேண்டும்?
படி 2: உள்ளடக்கத்தைச் சேகரித்தல் – எழுத்து, உரு, ஒலி, காணொளி. பிறருடைய படைப்பாயின் அனுமதி பெறல் வேண்டும்.
படி 3: கட்டமைப்பை வரைதல் – பக்கங்களைப் பெட்டிகளாகவும் மீயிணைப்புகளை அம்புக்குறிகளாகவும் தாளில் வரைக.
படி 4: பக்கங்களை ஆக்குதல் – எச்.ரி.எம்.எல். ஒட்டுகள் மூலம் எழுத்தையும் உருவையும் மீயிணைப்பையும் சேர்த்தல்.
படி 5: பரிசோதித்தல் – எல்லா மீயிணைப்புகளும் செயற்படுகின்றனவா? வெவ்வேறு இணைய மேலோடிகளிலும் சிறிய திரையிலும் சரியாகத் தோன்றுகின்றதா?
படி 6: வெளியிடலும் பராமரித்தலும் – ஆள்களப் பெயரைப் பதிவுசெய்து, கோப்புகளைச் சேவையகத்தில் ஏற்றி, காலத்துக்குக் காலம் இற்றைப்படுத்தல்.

படி 4இல் தொழினுட்பத்தைத் தெரிவுசெய்யும்போது அவதானம் தேவை. ஒரு காலத்தில் அசைவூட்டமுள்ள திரைப்படத் தளங்கள் பல “பிளாஷ்” மென்பொருளில் ஆக்கப்பட்டன. 2020 டிசம்பர் 31 உடன் பிளாஷ் இயக்கிக்கான ஆதரவு நிறுத்தப்பட்டமையால் அத்தளங்கள் பலவற்றை இன்று சாதாரண மேலோடியிற் பார்க்க இயலாது. பொது நியமங்களைத் தழுவிய பக்கங்களே நீண்ட காலம் நிலைக்கும்.

ஒலி பற்றியும் ஒரு குறிப்பு. பயனர் சொடுக்குவதற்கு முன்னர் ஒலி தானாக இயங்குவதை இன்றைய மேலோடிகள் பெரும்பாலும் தடுக்கின்றன. ஆகவே முகப்பில் “நுழைக” எனும் பொத்தானை வைத்து, “இத்தளத்தில் அச்சமூட்டும் ஒலிகள் உள்ளன” என அறிவிப்பது சிறந்தது. இதனால் பயனரின் சம்மதமும் கிடைக்கிறது, அச்சொடுக்கின் பின் ஒலியை இயக்கவும் முடிகிறது. மின்னல் போன்று திரை பளிச்சிடும் விளைவை ஒரு செக்கனில் மூன்று தடவைக்கு மேல் பயன்படுத்தக்கூடாது. அதிக பளிச்சிடல் சிலருக்கு வலிப்பை ஏற்படுத்தலாம் என்பதனாலேயே அணுகுதன்மை வழிகாட்டல்கள் இவ்வெல்லையை விதிக்கின்றன.

7. நெறிமுறை: எல்லை எங்கே?

இவ்வுதாரணத்தின் மிக முக்கியமான பாடம் இதுவாகும். மூன்று நடிகர்களும் படத்திலும் தளத்திலும் தமது சொந்தப் பெயர்களிலேயே தோன்றினர். அவர்கள் காணாமற் போனதாகத் தளம் கூறியது. பலர் அதனை உண்மையென்றே நம்பினர். நடிகை ஹெதர் டொனஹியூவின் தாயாருக்கு அனுதாப அட்டைகள் வந்தன. மகள் உயிருடன் இருக்கையில் மரணத்துக்கான அனுதாபத்தைப் பெறும் தாயின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பேர்கிற்ஸ்வில் ஊரின் பெயர்ப் பலகைகளும் இரசிகர்களாற் களவாடப்பட்டன. தமது பெயரும் முகமும் பயன்படுத்தப்பட்டமைக்கு உரிய பங்கு தமக்குக் கிடைக்கவில்லையென அந்நடிகர்கள் மூவரும் 2024இல் பகிரங்கமாகக் கோரிக்கை விடுத்தனர்.

கற்பனைக் கதை பொய்யன்று. திரையரங்கில் அமர்பவர் அது கதையென அறிந்தே அமர்கிறார். ஆனால் கதையென்று அறியும் வாய்ப்பே பயனருக்கு வழங்கப்படாதபோது அது ஏமாற்றாகிறது. 1999இல் இணையம் பலருக்குப் புதியது. எழுத்திற் கண்டதை அவர்கள் நம்பினர். இன்று போலிப் படங்களையும் குரல்களையும் கணினி எளிதில் ஆக்குவதனால் இப்பொறுப்பு வடிவமைப்பாளரிடம் மேலும் அதிகரித்துள்ளது. ஆகவே உண்மையான நபரின் பெயரையும் படத்தையும் அவரது சம்மதமின்றிப் பயன்படுத்தாதீர்கள். தளத்தின் ஓரிடத்திலாவது “இது கற்பனைக் கதை” எனத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். படிவத்தில் தேவையற்ற தனிப்பட்ட விபரங்களைக் கேட்காதீர்கள். இவற்றைச் செய்வதனால் அச்சம் குறையாது. கதையென அறிந்தும் இருளில் திரும்பிப் பார்ப்பவர்கள்தாமே நாம்!

8. மாதிரி வினாவும் விடையும்

வினா: பாடசாலை நாடகக் கழகம் தான் தயாரித்த திகிற் குறும்படத்துக்கு இணையத்தளமொன்றை அமைக்க விரும்புகிறது.
(i) இத்தளத்தில் சேர்க்கக்கூடிய ஊடாட்ட அம்சங்கள் இரண்டைத் தருக. (2 புள்ளிகள்)
(ii) பொருத்தமான கட்டமைப்பைக் காரணத்துடன் குறிப்பிடுக. (3 புள்ளிகள்)
(iii) 140 கிலோபைற்று உருவொன்று செக்கனுக்கு 56 கிலோபிற்று வேகத்திற் பதிவிறங்க எடுக்கும் நேரத்தைக் காண்க. (2 புள்ளிகள்)
(iv) பின்பற்ற வேண்டிய நெறிமுறை ஒன்றை விளக்குக. (3 புள்ளிகள்)

விடை:
(i) சொடுக்கும்போது பெருப்பிக்கப்படும் தடயப் புகைப்படங்கள், காட்சிக்கான ஆசனங்களை ஒதுக்கும் படிவம்.
(ii) படிநிலைக் கட்டமைப்பு. முகப்பிலிருந்து கதை, நடிகர்கள், காட்சி நேரம் ஆகிய பிரிவுகளுக்குப் பயனர் நேரடியாகச் செல்லலாம். பின்னர் புதிய பக்கங்களைச் சேர்ப்பதும் இலகு.
(iii) 140 × 8 = 1120 கிலோபிற்று. 1120 ÷ 56 = 20 செக்கன்.
(iv) நடிக்கும் மாணவர்களினதும் பெற்றோரினதும் சம்மதத்தைப் பெற்று, கதை கற்பனை என்பதைத் தளத்திற் குறிப்பிடல் வேண்டும். இல்லையேல் பார்ப்போர் உண்மையென நம்பிக் குடும்பத்தினருக்கு மனவேதனை ஏற்படலாம்.

பரீட்சையில் (ii), (iv) போன்ற வினாக்களுக்குப் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் முழுப் புள்ளிகளும் கிடையா. “ஏனெனில்” என்ற சொல்லைத் தொடர்ந்து நீங்கள் எழுதும் வாக்கியமே மீதிப் புள்ளிகளைப் பெற்றுத் தரும்.