நத்தை விஷம் வலியை அடக்குவது எப்படி?

நத்தை மீன் பிடிக்குமா? பிடிக்கும். பிலிப்பைன்ஸ் கடலில் வாழும் ‘கோனஸ் மேகஸ்’ என்ற கூம்பு நத்தை, ஈட்டிபோல் மாறிய தன் பல்லை மீன்மேல் பாய்ச்சி விஷம் ஏற்றும். நத்தையால் துரத்திக்கொண்டு ஓட முடியாதே! குத்துப்பட்ட மீன் அங்கேயே முடங்கியாக வேண்டும். அதனால்தான் விஷம் நேரே நரம்புகளைத் தாக்குகிறது.

பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவெரா, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இந்த விஷத்தை ஆராய்ந்தார். அங்கே அதிலிருந்து 25 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் புரதம் ஒன்றைப் பிரித்தவர் மைக்கேல் மெக்கின்டாஷ். அப்போது அவர் இளநிலை மாணவர்தான்.

அந்தப் புரதம் என்ன செய்கிறது? வலிச் செய்தி தண்டுவடத்துக்கு வந்ததும், ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கு ரசாயனத்தைச் சுரந்து சேதி சொல்லும். சுரக்க வேண்டுமானால் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். அது நுழையும் வாசலில் இந்தப் புரதம் போய் அடைத்துக்கொள்கிறது. சேதி அங்கேயே நின்றுவிடும். மார்ஃபினும் இதே வாசலைச் சுற்றுவழியில் மூடுவதுதான். ஆனால் அது உடம்புக்குப் பழகிப்போய், அளவைக் கூட்டச் சொல்லும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

2004இல் ‘சிகோனோடைடு’ என்ற பெயரில் அமெரிக்கா இதை மருந்தாக அனுமதித்தது. ஆய்வகத்திலேயே தயாரிக்கிறார்கள், நத்தை தேவையில்லை. மாத்திரையாக விழுங்கினால் செரித்துவிடும் என்பதால், பம்ப் வைத்துத் தண்டுவட நீருக்குள் செலுத்த வேண்டும். மனக்குழப்பம், பிரமை வரலாம். வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்கு மட்டுமே இது.

மன்னார் வளைகுடாவிலும் கூம்பு நத்தைகள் உண்டு. அழகான சங்கு என்று உயிருள்ளதைக் கையில் எடுத்துவிடாதீர்கள்.