யு-35: டார்பிடோவைச் சேமித்த நீர்மூழ்கி

நீர்மூழ்கிக் கப்பல் என்றதும் நீருக்கடியில் பதுங்கி டார்பிடோ வீசும் காட்சிதான் நம் மனதில் எழும். ஆனால் வரலாற்றிலேயே அதிகக் கப்பல்களை மூழ்கடித்த நீர்மூழ்கி, பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலே வந்துதான் அந்த வேலையைச் செய்தது.

முதல் உலகப்போரில் மத்தியதரைக் கடலில் உலவிய ஜெர்மனியின் யு-35 அது. நான்கு தளபதிகளின் கீழ் அது மூழ்கடித்தவை 220-க்கும் மேற்பட்ட கப்பல்கள். அவற்றில் மிகப் பெரும்பகுதி ஒருவர் கணக்கில் சேரும்: லோதர் வான் அர்னோ டி லா பெரியேர். பெயர் பிரெஞ்சு மாதிரி ஒலித்தாலும் ஆள் ஜெர்மானியர்தான்!

வணிகக் கப்பலை நிறுத்தச் சொல்வார். மாலுமிகள் உயிர்காப்புப் படகுகளில் இறங்கிய பின், மேல்தளப் பீரங்கியால் சுட்டோ வெடிவைத்தோ கப்பலை மூழ்கடிப்பார். காரணம், டார்பிடோ விலை அதிகம். உள்ளே வைக்க இடமும் குறைவு. 1916 ஜூலை இறுதியில் புறப்பட்ட ஒரே பயணத்தில் 54 கப்பல்கள் மூழ்கின. செலவான டார்பிடோக்கள் வெறும் நான்கு! ஆனால் மாலுமிகளைத் தப்பவிடும் கண்ணியம் எப்போதும் இருந்ததென்று சொல்ல முடியாது. அதே ஆண்டு அக்டோபரில் படைவீரர்களை ஏற்றிச் சென்ற பிரெஞ்சுக் கப்பல் 'காலியா'வை எச்சரிக்கையின்றித் தாக்கியதில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

போர் முடிந்ததும் யு-35 ஸ்பெயினின் பார்சிலோனா துறைமுகத்தில் ஒதுங்கியது. பிறகு பிரிட்டனில் உடைக்கப்பட்டது. கடலில் தப்பிய அர்னோ, 1941-இல் பாரிஸ் அருகே விமான விபத்தில் இறந்தார்.