உங்களுக்குத் தெரியுமா?

வயல்மண்ணில் வாழும் ஒரு பக்டீரியா, உடலுக்குள் புகுந்து 62 வருடங்கள் பதுங்கியிருந்த பிறகும் ஒருவரில் நோயாக வெளிப்பட்டிருக்கிறது. அந்த நோய் மெலியோய்டோசிஸ்.

• இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927இல்.

• மழைக்காலத்தில் நோய் கூடும். வன்னியில் காலபோகமும் அப்போதுதான். சேற்றில் வெறுங்காலோடு வரம்பு கட்டுபவரின் குதிக்காலில் ஒரு பித்தவெடிப்பு இருந்தால் போதும், கிருமிக்கு அதுவே வாசல்.

• சுகதேகியை அது பெரும்பாலும் சீண்டாது. சீனி வருத்தக்காரர், சிறுநீரகம் பழுதானவர், மிதமிஞ்சிக் குடிப்பவர் அகப்பட்டால் நியுமோனியா, ஈரலில் சீழ்க்கட்டி, இரத்தத்தில் கிருமி என்று முற்றும்.

• காசநோய் போலத் தோன்றி வைத்தியரையே ஏமாற்றும். பெனிசிலினுக்கு மசியாது. குறைந்தது 10 நாள் ஊசிமருந்து, பிறகு 3 மாதமாவது குளிசை.