அறுவை மருத்துவரின் கையுறைக்கு ரப்பர் பால்: தோட்டத்திலேயே தரம் காக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை வட்டாரங்களில் ரப்பர் பயிரிடும் விவசாயிகள் பலர், பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து, புகையில் உலர்த்தி ஷீட்டாக விற்று வருகிறார்கள். ஷீட்டின் பெரும்பகுதி டயர் தொழிலுக்குப் போகிறது. பாலைப் பாலாகவே விற்பவர்களும் உண்டு. அந்தப் பாலுக்கு உள்ள முக்கியமான உபயோகங்களில் ஒன்று, அறுவை சிகிச்சையின்போது மருத்துவர் அணியும் கையுறை. இந்தக் கையுறைக்குத் தேவைப்படும் பாலின் தரம் மிக உயர்ந்தது. அத்தரத்தின் பெரும்பகுதி, பால் தோட்டத்தை விட்டுப் போகும் முன்பே முடிவாகி விடுகிறது. தொழிற்சாலையில் கையுறை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால், தோட்டத்தில் செய்ய வேண்டிய வேலைகளின் காரணமும் நன்கு விளங்கும்.

கையுறை வந்த வரலாறு

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் பணியாற்றினார். அவருடைய செவிலியான கரோலின் ஹாம்ப்டனின் கைகள், கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரச மருந்தினால் புண்பட்டன. அதற்காக ஹால்ஸ்டெட் 1889-90 குளிர்காலத்தில் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். செவிலியின் கையைக் காக்க வந்த பொருள், பிற்பாடு நோயாளியைக் கிருமிகளிடமிருந்து காக்கும் பொருளாயிற்று. பல்லாண்டுகள் ஒரே கையுறையைக் கழுவி, பொடி தூவி, நீராவியில் கிருமி நீக்கித் திரும்பத் திரும்ப அணிந்தார்கள். ஒரு முறை அணிந்து எறியும் கையுறை பிறகு வந்தது.

பாலில் உள்ளது என்ன?

மரத்திலிருந்து வடியும் பாலில் 30 முதல் 40 சதம் ரப்பர் உள்ளது. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். புரதம், சர்க்கரை, உப்புக்கள் ஆகியவை சிறிதளவு உண்டு. ரப்பர் மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் சுற்றிப் புரதமும் கொழுப்புப் பொருளும் ஒரு உறை போல் அமைந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கின்றன. வெட்டிய சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் பாலில் பெருகி, அதிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலங்களை உண்டாக்குகின்றன. அமிலம் கூடினால் துகள்களின் காப்பு குலைந்து பால் திரிந்து விடும்.

பாலில் அமோனியா சேர்ப்பது இதற்காகவே. அமோனியா அமிலத்தை முறிக்கிறது. பாக்டீரியாக்களின் வளர்ச்சியையும் அடக்குகிறது. ஆனால் முன்பே உண்டாகிவிட்ட அமிலத்தின் உப்புக்கள் பாலிலேயே தங்கி விடுகின்றன. தொழிற்சாலையில் இவற்றை அளந்து பார்ப்பார்கள். அடர்த்தி செய்த பாலுக்கான சர்வதேசத் தர விதியில், ஆவியாகும் கொழுப்பு அமில எண் 0.06க்கு மேல் இருக்கக் கூடாது என்று உள்ளது. காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாக அமோனியா சேர்த்ததன் விளைவு, பல நாள் கழித்து இந்த எண்ணில் தெரியும்.

அடர்த்தி செய்தல்

தோட்டத்துப் பாலை அப்படியே கையுறைக்குப் பயன்படுத்த முடியாது. தயிர் கடையாமல் பாலிலிருந்தே வெண்ணெய் பிரிக்கும் இயந்திரத்தைப் போன்ற ஒரு சுழல் இயந்திரத்தில் விட்டு, 60 சதம் ரப்பர் உள்ள கெட்டிப் பாலாக்குகிறார்கள். தண்ணீருடன் புரதத்தில் ஒரு பகுதியும் பிரிந்து போகிறது. பாலில் மக்னீசியம் மிகுதியாக இருந்தால் கெட்டிப் பால் நிலையாக இராது. ஆகவே டை அமோனியம் பாஸ்பேட் சேர்த்து, மக்னீசியத்தை வண்டலாகப் படிய விட்டு நீக்குகிறார்கள்.

அச்சில் தோய்த்தல்

கையுறைத் தொழிற்சாலையில் கெட்டிப் பாலுடன் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, வேகமூட்டிகள், ரப்பர் கெடாமல் காக்கும் மருந்துகள் ஆகியவற்றை நன்கு அரைத்துச் சேர்க்கிறார்கள். 100 பங்கு ரப்பருக்குக் கந்தகம் சுமார் ஒரு பங்கு போதும். இந்தக் கலவையைச் சில காலம் பக்குவப்பட விடுவார்கள்.

கை வடிவில் பீங்கானால் செய்த அச்சுகள் சங்கிலியில் தொங்கியபடி வரிசையாக நகரும். சுத்தமாகக் கழுவிய அச்சு முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் தோய்ந்து, உலர்ந்து, பிறகு ரப்பர் கலவையில் இறங்குகிறது. அச்சின் மேலுள்ள கால்சியம் பாலை உறைய வைக்க, மெல்லிய படலம் உண்டாகிறது. மணிக்கட்டு விளிம்பைச் சுருட்டி விட்டு, படலத்தைச் சுடுநீர்த் தொட்டிகளில் அலசுகிறார்கள். மீந்த கால்சியம் நைட்ரேட்டும் கரையும் புரதமும் நீரோடு போகின்றன. பிறகு சூட்டடுப்பில் கந்தகம் ரப்பருடன் இணைந்து படலம் உறுதி பெறுகிறது. இதற்குப் பின்னரே கையுறையை அச்சிலிருந்து உரித்தெடுப்பார்கள்.

இப்படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பாலில் கடுகளவு கட்டியோ, பட்டைத் துணுக்கோ, மணலோ இருந்தால் அந்த இடத்தில் ஊசித்துளை விழும். அறுவை சிகிச்சையில் அத்துளை வழியாக நோயாளியின் இரத்தம் மருத்துவரின் கைக்கும், கையிலுள்ள கிருமி நோயாளியின் காயத்துக்கும் செல்ல வழியுண்டு. ஆகவே ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் தொங்கவிட்டுக் கசிவு பார்க்கிறார்கள்.

கிருமி நீக்கம்

தேறிய கையுறைகள் இடக்கை, வலக்கை ஜோடியாக உறையில் மூடப்படுகின்றன. மூடிய உறையுடனேயே எத்திலீன் ஆக்சைடு வாயுவினாலோ, கோபால்ட்-60 தரும் காமா கதிரினாலோ கிருமி நீக்குகிறார்கள். காமா முறையில் வழக்கமான அளவு 25 கிலோகிரே. மருத்துவப் பொருள்களுக்கு இம்முறையில் கிருமி நீக்க, நம் நாட்டில் டிராம்பேயில் ஐசோமெட் நிலையம் 1974ல் தொடங்கப்பட்டது.

ஒவ்வாமையும் போட்டியும்

ரப்பர் பாலின் புரதம் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். தோல் அரிப்பு முதல் மூச்சுத் திணறல் வரை வரலாம். கையுறையில் தூவிய மாவுப் பொடி இப்புரதத்தைக் காற்றில் பரப்பியதால், அமெரிக்கா 2017ல் பொடி தூவிய மருத்துவக் கையுறைகளைத் தடை செய்தது. இப்போது குளோரின் நீரில் அலசியோ, உட்புறம் வழவழப்பான பூச்சுக் கொடுத்தோ பொடியில்லாமல் செய்கிறார்கள். பெட்ரோலியப் பொருள்களிலிருந்து செய்யும் நைட்ரைல் கையுறை, சோதனைக் கையுறைச் சந்தையில் பெரும் இடத்தைப் பிடித்து விட்டது. ஆயினும் மென்மையிலும், நீண்டு மீளும் தன்மையிலும் இயற்கை ரப்பருக்குத் தனிச் சிறப்பு உண்டு. நல்ல ரப்பர் கையுறை அறுவதற்கு முன் ஏழு மடங்குக்கு மேல் நீளும். இந்த மதிப்பைக் காக்கப் புரதம் குறைந்த, சுத்தமான பால் தேவை.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

1. அதிகாலையில் வெட்டு முடிய வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும், கெடுவதும் விரைவு.

2. வெட்டுவதற்கு முன் சிரட்டையில் ஒட்டியுள்ள பழைய பாலைச் சுத்தமாக எடுத்து விடவும். பழைய பாலிலுள்ள பாக்டீரியா புதுப் பாலுக்கு உறை மோர் போல வேலை செய்யும்.

3. வாளிகளைத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைக்கவும். செம்பு, பித்தளைப் பாத்திரம் கூடாது. அமோனியா அவற்றை அரிக்கும். செம்பு சிறிதளவு கலந்தாலும் ரப்பர் நாளடைவில் பிசுபிசுத்துக் கெடும். பிளாஸ்டிக், எவர்சில்வர் பாத்திரம் நல்லது.

4. பாலைச் சேகரித்தவுடன் சல்லடையில் வடிகட்டவும். முதலில் 40 கண், பிறகு 60 கண் சல்லடை ஏற்றது.

5. சில மணி நேரத்துக்குள் பால் நிலையத்துக்குப் போவதாயின், லிட்டருக்கு 5 மில்லி வீதம் 10 சத அமோனியாக் கரைசல் சேர்த்துக் கலக்கவும். பீப்பாயில் நீண்ட நாள் வைப்பதாயின் 100 கிலோ பாலுக்கு 1 கிலோ அமோனியா வாயு தேவை. இதைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும்.

6. அமோனியா கண்ணையும் மூச்சையும் தாக்கும். திறந்த இடத்தில், காற்று வரும் திசையில் நின்று கையாளவும். பக்கத்தில் நிறையத் தண்ணீர் இருக்கட்டும். கண்ணில் பட்டால் உடனே நீர் விட்டுத் தொடர்ந்து அலசி, மருத்துவரிடம் செல்லவும்.

7. நேற்றைய பாலுடன் இன்றைய பாலைக் கலக்க வேண்டாம்.

தண்ணீர் கலந்தால் லாபமில்லை

பாலுக்கு விலை, டி.ஆர்.சி. என்னும் உலர் ரப்பர் அளவின் மேல் கணக்கிடப்படுகிறது. 100 கிலோ பாலில் டி.ஆர்.சி. 35 சதமானால் விவசாயிக்கு 35 கிலோ ரப்பருக்கு விலை கிடைக்கும். அதில் 20 கிலோ தண்ணீர் ஊற்றினாலும் ரப்பர் 35 கிலோவேதான். ஊற்றிய தண்ணீரின் அழுக்கும் பாக்டீரியாவும்தான் மிச்சம். மெட்ரோலாக் கருவியை மிதக்க விட்டு டி.ஆர்.சி. உத்தேசமாக அறியலாம். சரியான கணக்குக்கு, மாதிரிப் பாலை அமிலத்தில் உறைய வைத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்க்க வேண்டும். விற்கும்போது மாதிரி எடுப்பதை உடனிருந்து கவனிப்பது விவசாயியின் உரிமை.

பாலா, ஷீட்டா?

பாலாக விற்றால் உருளை, புகைக்கூடம், விறகு, உலர்த்தும் ஆள்கூலி மிச்சமாகும். பணமும் விரைவில் கைக்கு வரும். ஆனால் பாலை இருப்பு வைத்து விலை ஏறும் வரை காத்திருக்க முடியாது. சேகரிக்கும் வண்டி வராத நாளில் ஷீட் அடிக்கும் வசதியும் வேண்டும். அமோனியா சேர்த்த பாலை ஷீட்டாக்க அமிலம் கூடுதலாகச் செலவாகும் என்பதையும் நினைவில் கொள்ளவும். ஒரு சிறு தோட்டத்துப் பாலுக்காக மட்டும் வண்டி வருவது கடினம். அக்கம் பக்கத்து விவசாயிகள் ரப்பர் உற்பத்தியாளர் சங்கமாகச் சேர்ந்து, ஒரே இடத்தில் பாலைச் சேகரித்தால் வண்டிச் செலவும் குறையும், விலை பேசவும் முடியும்.

ஒரு ஜோடி அறுவைக் கையுறையின் எடை 20 கிராமுக்குச் சற்று மேல். ஒரு கிலோ உலர் ரப்பரிலிருந்து ஏறத்தாழ 40 ஜோடி செய்யலாம். நம் தோட்டத்துப் பாலும் அதில் சேர வேண்டுமானால், சிரட்டையும் வாளியும் சுத்தமாக இருக்க வேண்டும். அமோனியா நேரத்தில் சேர வேண்டும். டி.ஆர்.சி. பரிசோதனை, அமோனியாவைக் கையாளும் முறை பற்றிய விவரங்களை ரப்பர் வாரிய வட்டார அலுவலகத்தில் கேட்டறிந்து பயன் பெறலாம்.