பாட்டுக்குப் போட்ட தேசத்துரோக வழக்கு

தறி ஊரான வெண்ணந்தூர், சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலம் அது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இந்த மாவட்டத்தில்தான். இதே சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31-ல் கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிரிழந்தார். மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 30 விடியுமுன், மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவனைத் திருச்சியில் அவர் வீட்டிலேயே போலீஸ் கைதுசெய்தது. அவர் பாடியது அரசின் டாஸ்மாக் மதுக்கடைகளை மூடச் சொல்லி. போட்ட வழக்கோ தேசத்துரோகம்.

குடிக்கும் பெண்ணுரிமைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வெண்ணந்தூர் போன்ற தறி ஊர்களில் வாரக்கூலி வீடு வந்து சேர்கிறதா, வழியிலேயே கடையில் தீர்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அரிசி, பிள்ளைகளின் படிப்புச் செலவு, அடி விழாத ஓர் இரவு எல்லாமே. 1992-ல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் சாராயத்துக்கு எதிராகத் திரண்டவர்கள் பெண்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் சாமளாபுரத்தில் கடையை எதிர்த்து நின்ற பெண்ணைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. பெண்கள் வீதியில் வைத்த கோரிக்கைக்குத்தான் கோவன் மெட்டுப் போட்டார்.

பாட்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவைக் கடுமையாகச் சாடியிருந்தார், அதனால் கைது நியாயமே என்போர் உண்டு. சாடல் புண்படுத்தியிருக்கலாம், அதற்கு அவதூறுச் சட்டம் இருக்கிறது. தேசத்துரோகத்துக்கான இந்தியத் தண்டனைச் சட்டம் 124-ஏ பிரிவின் விளக்கமே, அரசின் நடவடிக்கைகளைக் கண்டிப்பது மட்டும் குற்றமாகாது என்கிறது. ஆட்சியில் இருக்கும் நபர்கள் வேறு, சட்டப்படி அமைந்த அரசு வேறு என்றும், வன்முறைக்கும் ஒழுங்குக் குலைவுக்கும் தூண்டினால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்றும் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. கடையை மூடு என்பது அரசின் கொள்கையை மாற்றச் சொல்வது. அரசைக் கவிழ்க்கச் சொல்வதல்ல. பிணைதான் கிடைத்ததே என்ற சமாதானத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் காவலில் கழிந்த பிறகே அது கிடைத்தது. விடியுமுன் நடக்கும் கைது பாடியவரோடு நிற்பதில்லை. மறுநாள் கடைமுன் உட்கார நினைத்த பெண்ணையும் அச்சுறுத்துகிறது.

அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே 11-ல் நிறுத்திவைத்தது. ஆனால் அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ம் பிரிவிலும் ஆயுள் தண்டனை இருக்கிறது. ஆயுள் இல்லாவிட்டால் மூன்றாண்டு வரை என்றிருந்த சிறை, ஏழாண்டு வரை என நீண்டிருக்கிறது.